புற்றுநோய்ப் பிரிவில் ஏற்றத்தாழ்வைக் குறைப்பது எப்படி: புதிதாக இறங்கும் மருத்துவப் பணியாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

புற்றுநோய்ப் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. ஒரே வகைக் கட்டி, ஒரே மருந்து, ஒரே வார்டு. ஒருவர் ஆரம்ப நிலையிலேயே வந்து, சிகிச்சையை முழுசாக முடித்துக்கொண்டு போகிறார். இன்னொருவர் நோய் முற்றிய பிறகு வந்து, மூன்றாவது கீமோவோடு காணாமல் போகிறார். வருமானம், மொழி, தொலைவு, உடற்குறை, மனநோய், பாலினம், கையில் சரியான அடையாள ஆவணம் இல்லாதது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். "இதற்கு நாம் என்ன செய்ய முடியும்" என்று பெருமூச்சு விட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடுவதுதான் வழக்கம்.

நிறையவே செய்யலாம். ஆனால் எங்கே தொடங்குவது, யாரிடம் எந்தக் கையெழுத்து வாங்குவது, எவ்வளவு காலம் பிடிக்கும் என்றெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. டேட்டா கேட்டு ஒரு அறை, அனுமதி கேட்டு இன்னொரு அறை என்று அலைந்து கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். நீங்கள் டாக்டரோ, நர்ஸோ, ரேடியேஷன் டெக்னீஷியனோ, சமூகப் பணியாளரோ, யாராக இருந்தாலும் சரி. தனியாக மட்டும் தொடங்காதீர்கள். அப்பாயின்ட்மென்ட் கொடுக்கும் கிளார்க் ஒருவரை முதல் நாளிலிருந்தே கூட வைத்துக்கொள்ளுங்கள். யார் ஏன் வரவில்லை என்பது டாக்டரைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

1. ஒரு நோய், ஒரு கட்டம், ஒரு கேள்வி

புதிதாக வருபவர்கள் எல்லோரும் விழும் குழி இது: "எங்கள் மருத்துவமனையில் புற்றுநோய் ஏற்றத்தாழ்வு" என்று பெரிதாகத் தலைப்பு வைப்பது. அந்தத் தலைப்போடு போனால் எந்த வேலையும் நகராது.

அறிகுறி, முதல் டாக்டர், ரெஃபரல், பயாப்ஸி, ஸ்டேஜிங் (நோய் எந்த நிலையில் இருக்கிறது என்று கணிப்பது), ட்யூமர் போர்டு (பல துறை டாக்டர்கள் கூடிச் சிகிச்சையை முடிவு செய்யும் கூட்டம்), சிகிச்சை தொடக்கம், சிகிச்சை நிறைவு, ஃபாலோ-அப், வலி நிவாரணம். நோயாளி நடக்கும் பாதை இது. இதில் எந்த இடத்தில் உங்கள் துறையின் கை ஓங்கியிருக்கிறதோ, அந்த ஒரு கட்டத்தை மட்டும் எடுங்கள். கீமோ வார்டு நர்ஸ் என்றால் சிகிச்சை நிறைவு. நோய்க்குறியியல் துறை என்றால் பயாப்ஸி எடுத்த நாளுக்கும் ரிப்போர்ட் வந்த நாளுக்கும் உள்ள இடைவெளி.

அளவுகோல் தேடி அலைய வேண்டாம். மார்பகப் புற்றுநோய்க்கு உலக சுகாதார நிறுவனம் மூன்று எண்களை வைத்திருக்கிறது: சுற்றியுள்ள திசுவுக்குள் ஊடுருவிய மார்பகப் புற்றுநோய்களில் 60 சதவீதமாவது முதல் இரண்டு ஸ்டேஜில் கண்டுபிடிக்கப்பட வேண்டும், நோயாளி முதலில் வந்ததிலிருந்து 60 நாட்களுக்குள் நோய் உறுதியாக வேண்டும், 80 சதவீதம் பேராவது சிகிச்சையை முடிக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்றை எடுத்து, "எங்கள் துறையில் இது எல்லோருக்கும் ஒரே மாதிரி நடக்கிறதா" என்று கேளுங்கள். ஒரு வேலைக்கு அந்த ஒரு கேள்வி போதும்.

தாமதத்தை எடுத்தால் மேலிடத்துக்குப் புரியவைப்பதும் எளிது. 2020-ல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, அறுவை சிகிச்சை நான்கு வாரம் தள்ளிப்போனாலே இறப்பு அபாயம் 6 முதல் 8 சதவீதம் கூடுகிறது. இந்த ஒரு வரியை உங்கள் விண்ணப்பத்தின் தலையில் போடுங்கள்.

2. அனுமதி: முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள்

நீங்கள் செய்யப்போவது ஆராய்ச்சியா, துறையின் சேவையை மேம்படுத்தும் ஆடிட்டா? இதை எழுத்தில் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் ஒரு ஃபைலைக்கூடத் தொடாதீர்கள். ஆராய்ச்சி என்றால் எத்திக்ஸ் கமிட்டியின் ஒப்புதல் வேண்டும். ஆடிட் என்றால் பல இடங்களில் துறைத் தலைவரின் கையெழுத்தும் ஆடிட் பதிவு எண்ணும் போதும். ஆனால் எது எது என்று முடிவு செய்வது நீங்கள் இல்லை. கமிட்டிச் செயலருக்குக் கடிதம் எழுதி, "இதற்கு ஒப்புதல் தேவையா" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். பின்னால் இதைக் கட்டுரையாக வெளியிட நினைத்தால், முதலில் இதழ் கேட்கும் காகிதம் அதுதான்.

விண்ணப்பத்தை ஒரு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். அதில் இருக்க வேண்டியவை: கேள்வி என்ன, எந்தக் காலகட்டத்து நோயாளிகள், எந்தெந்தத் தகவல்கள், யார் யார் பார்ப்பார்கள், எங்கே சேமிப்பீர்கள், எப்போது அழிப்பீர்கள், யாருக்கு அறிக்கை தருவீர்கள். பெரும்பாலான கமிட்டிகள் மாதம் ஒரு முறைதான் கூடும். கூட்டத்துக்கு முன்பே கோப்பு போய்ச் சேர வேண்டிய கடைசித் தேதி ஒன்று இருக்கும். அது தவறினால் ஒரு மாதம் போச்சு.

3. டேட்டா: எதைக் கேட்பது, எதில் ஏமாறுவது

ஒரு சாதாரண எக்செல் தாள் போதும். ஒரு வரிக்கு ஒரு நோயாளி. பெயர் வேண்டாம், குறியீட்டு எண் மட்டும். நோய், ஸ்டேஜ், முதலில் வந்த தேதி, பயாப்ஸி தேதி, ரிப்போர்ட் தேதி, சிகிச்சை தொடங்கிய தேதி, முடித்தாரா இல்லையா. இதெல்லாம் எந்த மருத்துவமனையிலும் கிடைக்கும்.

சிக்கல் அடுத்த பாதியில்தான். வயது, பாலினம், வசிக்கும் இடம், வீட்டில் பேசும் மொழி, இனம், தொழில், கல்வி, உடற்குறை, கூட ஆள் உண்டா, யார் பணம் கட்டுகிறார்கள். இவற்றில் பாதி எங்குமே பதிவாகியிருக்காது. அப்படிப்பட்ட வரிகளை அழித்துவிட்டுக் கணக்குப் போடத் தோன்றும், செய்யாதீர்கள். "தகவல் இல்லை" என்று ஒரு தனிப் பிரிவாகவே வைத்துக் கணக்கிடுங்கள். பெரும்பாலும் அந்தப் பிரிவில்தான் சிகிச்சை பாதியில் நின்றவர்கள் குவிந்திருப்பார்கள். சரியாகக் கேட்டுப் பதிவு செய்ய யாருக்கும் நேரமில்லாமல் போனவர்கள் அவர்கள்.

இன்னும் இரண்டு பொறிகள். ஒன்று, வகுக்கும் எண். "எங்களிடம் வந்தவர்களில் 85 சதவீதம் பேர் முடித்தார்கள்" என்றால், வராமலே போனவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. ரெஃபரல் எழுதப்பட்டவர்களிலிருந்து எண்ணத் தொடங்குங்கள். இரண்டு, சிறு எண்ணிக்கை. ஒரு பிரிவில் மூன்று நான்கு பேர்தான் இருக்கிறார்கள் என்றால், அறிக்கையைப் படிப்பவர் அது யார் என்று கண்டுபிடித்துவிடலாம். அட்டவணையில் அந்த இடத்தில் எண் போடாமல் "5-க்குக் கீழ்" என்று எழுதுங்கள். அதை வைத்துச் சதவீதமும் போடாதீர்கள்.

மருத்துவமனையின் ஐடி பிரிவு டேட்டா தர எடுத்துக்கொள்ளும் காலத்தை உங்களால் கட்டுப்படுத்த முடியாது. அதுவரை சும்மா இருக்க வேண்டாம். நான்காவது படியைக் கையாலேயே தொடங்கிவிடலாம்.

4. வராதவர்களின் ஃபைலைப் படியுங்கள்

ஒரே ஒரு படிக்குத்தான் உங்களுக்கு நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள். மற்றதை விட்டுவிடலாம்.

சிகிச்சையைப் பாதியில் நிறுத்தியவர்களின் ஃபைல்களில் இருபதை எடுங்கள். எந்தத் துறையிலும் இப்படி ஒன்று கிடைக்கும்: முதல் அப்பாயின்ட்மென்ட், வந்தார். இரண்டாவது, வந்தார்; ரத்த ரிப்போர்ட் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார். மூன்றாவது, வரவில்லை. நான்காவது, வரவில்லை. அடியில் சிவப்பு மையில் "நோயாளி ஒத்துழைக்கவில்லை".

இப்போது அதே ஃபைலை முன்னட்டையிலிருந்து மெதுவாகப் பாருங்கள். தொடர்பு எண் நோயாளியுடையது இல்லை, சம்பந்தி வீட்டு எண். அப்பாயின்ட்மென்ட் எல்லாமே காலை எட்டு மணிக்கு, முகவரியோ பல மணி நேரப் பயணத் தொலைவில். அனுப்பிய கடிதம் அவருக்குப் படிக்கத் தெரியாத மொழியில். திருப்பி அனுப்பப்பட்ட அன்று, அடுத்து என்ன என்று அவரிடம் யாராவது சொன்னதாக ஒரு குறிப்பும் இல்லை. ஒத்துழைக்காதது யார் என்ற கேள்வி தானாக எழும்.

அடுத்து, தொலைபேசி. வேலைக்குப் போகிறவர்கள் பகலில் எடுக்க மாட்டார்கள், மாலையில் கூப்பிடுங்கள். எடுப்பவர் நோயாளிதான் என்று உறுதியாகும்வரை "புற்றுநோய்" என்ற சொல்லையோ துறையின் பெயரையோ சொல்லாதீர்கள். குடும்பத்துக்குத் தெரியாமல் சிகிச்சைக்கு வருகிறவர்கள் நிறைய. "ஏன் வரலை?" என்று தொடங்கினால் மறுமுனையில் மன்னிப்புதான் வரும், காரணம் வராது. நான் கேட்பது இப்படி: "அம்மா, அன்னைக்கு வர்றதுல எங்க சிக்கல் ஆச்சு? நாங்க எதை மாத்தினா உங்களுக்கு வசதியா இருக்கும்?" பேசி முடித்ததும், அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். "போக்குவரத்துப் பிரச்சினை" என்று சுருக்காதீர்கள். வண்டி இல்லையா, காசு இல்லையா, கூட ஆள் இல்லையா, வாந்தியோடு பேருந்தில் உட்கார முடியவில்லையா? நான்குக்கும் தீர்வு வேறு வேறு.

ஒரு எச்சரிக்கை: இறந்துபோனவர் வீட்டுக்கு அழைப்பு போய்விடக்கூடாது. அழைப்பதற்கு முன் இறப்புப் பதிவோடு ஒப்பிட்டே ஆக வேண்டும்.

5. மருத்துவ விதிகளுக்குள் ஒளிந்திருப்பவை

ஏற்றத்தாழ்வு என்றால் பணமும் தூரமும் மட்டும் என்று நினைப்போம். நாம் தினமும் புரட்டும் நெறிமுறைத் தாள்களிலும் அது இருக்கிறது. உங்கள் துறையில் இவற்றைச் சரிபாருங்கள்.

நியூட்ரோஃபில் (தொற்றை எதிர்க்கும் வெள்ளணு) எண்ணிக்கை 1500-க்குக் கீழே இருந்தால் கீமோவைத் தள்ளிப்போடு என்று பல நெறிமுறைகளில் இருக்கும். டஃபி என்ற ரத்த வகைக் கூறு சிவப்பணுக்களில் இல்லாதவர்களுக்கு (ஆப்பிரிக்க, அரபு வம்சாவளியினரில் இது சகஜம்) இயல்பாகவே இந்த எண்ணிக்கை குறைவாக இருக்கும். அவர்களுக்கு நோய்த்தொற்று அபாயம் கூடியிருக்காது. ஆனாலும் கீமோ தள்ளிப்போகும், டோஸ் குறையும், மருத்துவப் பரிசோதனை ஆய்வுகளில் சேரத் தகுதியில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். சிகிச்சைக்கு முந்தைய பழைய ரத்த ரிப்போர்ட்டுகளைத் தேடி எடுத்து, ட்யூமர் போர்டில் பேசவேண்டிய விஷயம் இது.

ரேடியேஷன் தோல் பாதிப்பைத் தரம் பிரிக்கும் அட்டவணைகள் "சிவந்திருக்கிறதா" என்றுதான் கேட்கின்றன. கருநிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. கருமை கூடியிருக்கிறதா, தொட்டால் சுடுகிறதா, தோல் இறுக்கமாக இருக்கிறதா, வலிக்கிறதா என்று பாருங்கள், நோயாளியையும் கேளுங்கள். இல்லாவிட்டால் தோல் உரிந்த பிறகுதான் களிம்பு போகும். இதேபோல, கருநிறத் தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில் வரும். காலுறையைக் கழற்றச் சொல்லாமல் தோல் பரிசோதனை முடிந்தது என்று எழுதாதீர்கள்.

சக்கர நாற்காலியில் பல வருடமாக இருப்பவருக்குச் செயல்நிலை மதிப்பெண் (அன்றாட வேலைகளைத் தானே செய்ய முடிகிறதா என்று அளப்பது) போடும்போது, அந்த நாற்காலியைப் பார்த்தே "3", அதாவது விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் படுக்கையிலோ நாற்காலியிலோ இருப்பவர், என்று எழுதிவிடுவது நடக்கிறது. அந்த எண்ணை வைத்து கீமோவுக்குத் தகுதியில்லை என்றும் ஆகிவிடும். நோயால் வந்த தளர்ச்சி எது, முன்பே இருந்த உடற்குறை எது என்று பிரித்து எழுத ஒரு வரி சேருங்கள். அறிவுவளர்ச்சிக் குறைபாடோ மனநோயோ உள்ளவர்களுக்கு எடை குறைந்தால், சாப்பிட மறுத்தால், அதை அந்தக் குறைபாட்டின் தலையில் கட்டிவிட்டு ஸ்கேனைத் தள்ளிப்போடுவதும் இதே கதைதான். கூட இருப்பவர் "இவர் வழக்கமா இப்படி இல்லை" என்று சொன்னால் அதை ஓர் அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

6. மொழி

குடும்பத்தாரை மொழிபெயர்க்க வைக்காதீர்கள், முக்கியமாகக் குழந்தைகளை. அம்மாவின் ஸ்டேஜை பத்து வயதுப் பையன் வாயால் சொல்ல வைப்பது கொடுமை. அதோடு தகவலும் பாதியாகத்தான் போகும். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் நேரில் கிடைக்காவிட்டால் தொலைபேசியில் பிடியுங்கள். அந்த அப்பாயின்ட்மென்டுக்கு இரட்டிப்பு நேரம் ஒதுக்குங்கள். பதிவின்போதே "மொழிபெயர்ப்பாளர் தேவை" என்ற குறி விழாவிட்டால் இது நடக்காது. ஆகவே வேலை பதிவுப் படிவத்திலிருந்து தொடங்குகிறது.

சொன்னது புரிந்ததா என்று பார்க்க "புரிஞ்சுதா?" என்று கேட்டுப் பயனில்லை, எல்லோரும் தலையாட்டுவார்கள். "நான் சரியா சொன்னேனான்னு தெரியணும். காய்ச்சல் வந்தா என்ன செய்வீங்கன்னு நீங்க எனக்குச் சொல்லுங்க" என்று திருப்பிச் சொல்ல வையுங்கள். கீமோ நோயாளிக்குக் காய்ச்சல் என்பது அவசர நிலை. அந்த ஒன்றையாவது இப்படிக் கேட்காமல் யாரையும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

7. செலவு: இரண்டு பக்கமும் எழுதுங்கள்

நோயாளியின் பக்கம் முதலில். மருந்து பில்லைத் தவிர, பயணம், தங்குமிடம், கூட வருபவரின் சாப்பாடு, இழந்த கூலி, வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள். இவை எந்த ரசீதிலும் வராது. சிகிச்சை தொடங்கும் முன்பே ஒருமுறையும், நடுவில் ஒருமுறையும் கேளுங்கள். கடன் வாங்கிய பிறகு சமூகப் பணியாளரிடம் அனுப்புவதில் பெரிதாகப் பயன் இல்லை. உதவித் திட்டங்களுக்கு அடையாளச் சான்று, முகவரிச் சான்று, வருமானச் சான்று, நோய்ச் சான்று, செலவு மதிப்பீடு என்று வழக்கமாகக் கேட்பார்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும் நாட்களிலேயே முதல் மூன்றையும் தயார் செய்யச் சொன்னால் பிற்பாடு வாரக் கணக்கில் மிச்சம். எல்லாக் காகிதத்திலும் பெயரின் எழுத்தும் முதலெழுத்தும் ஒன்றாக இருக்கிறதா என்று நீங்களே ஒரு முறை பாருங்கள். திரும்பி வரும் விண்ணப்பங்களில் இது முக்கியமான காரணம்.

செலவைக் குறைக்க மருத்துவ வழியும் உண்டு. அதை நாம்தான் முன்வைக்க வேண்டும். எலும்புக்குப் பரவிய, சிக்கலில்லாத வலிக்கு 8 கிரே (கிரே என்பது ரேடியேஷன் அளவின் அலகு) ஒரே முறை கொடுத்தாலே, பல நாள் ரேடியேஷனுக்குச் சமமாக வலி குறைகிறது. பிற்பாடு மறுபடி தர வேண்டிவரும் வாய்ப்பு மட்டும் இரண்டு மடங்குக்கும் மேல். ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோயில் 26 கிரேயை ஒரே வாரத்தில் 5 தடவையாகக் கொடுப்பது, மூன்று வாரத்தில் 15 தடவையாகக் கொடுப்பதைவிடக் குறைந்ததில்லை என்று ஃபாஸ்ட்-ஃபார்வேர்டு ஆய்வு 2020-ல் காட்டியது. தகுதியுள்ள நோயாளிக்கு இது பத்துப் பயணம் மிச்சம். கூலி வேலைக்குப் போகிறவருக்கு அது சிகிச்சையை முடிப்பதற்கும் கைவிடுவதற்கும் உள்ள வித்தியாசமாகவே இருக்கலாம். கீமோவுக்கு முந்தைய ரத்தப் பரிசோதனையை வீட்டருகே எடுக்க அனுமதிப்பதும், அவசியமில்லாத ஃபாலோ-அப்பைத் தொலைபேசிக்கு மாற்றுவதும் இதே கணக்கில் சேரும்.

உங்கள் துறையின் பக்கம்: பணியாளர் நேரம், மொழிபெயர்ப்பாளர் கட்டணம், தொலைபேசிச் செலவு, அச்சிடல். நிர்வாகத்திடம் போகும்போது காலியாகப் போன கீமோ நாற்காலிகள், வீணான மருந்துக் கலவை, அவசரச் சேர்க்கைகள் ஆகியவற்றின் கணக்கையும் சேர்த்து வையுங்கள். நியாயம் பேசினால் பாராட்டு கிடைக்கும். கணக்கு காட்டினால் கையெழுத்து கிடைக்கும்.

8. ஒரே ஒரு மாற்றம்

இங்கே எல்லோருக்கும் முதலில் தோன்றுவது விழிப்புணர்வுப் போஸ்டர், இல்லாவிட்டால் மொபைல் ஆப். இரண்டையும் ஒத்திப்போடுங்கள். படிக்கத் தெரிந்து, நேரமும் போனும் இருப்பவர்களுக்குத்தான் அவை முதலில் போய்ச் சேரும். சராசரி ஏறும், இடைவெளியும் சேர்ந்து ஏறும்.

பலன் கண்ட வழி ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஆரம்பநிலை மார்பக, நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் நடந்த அக்யூர் ஆய்வில், யாராவது அப்பாயின்ட்மென்டைத் தவறவிட்டால் உடனே எச்சரிக்கை வரும்படி மின்பதிவேட்டை அமைத்தார்கள். அந்த எச்சரிக்கையைப் பார்த்து அழைக்க ஒரு வழிகாட்டி நர்ஸ் இருந்தார். இனவாரியாகச் சிகிச்சை நிறைவு எவ்வளவு என்று மருத்துவக் குழுவுக்கே அவ்வப்போது காட்டினார்கள். முன்பு சிகிச்சையை முடித்த கறுப்பினத்தவர் சுமார் 80 சதவீதம், வெள்ளையர் சுமார் 87. தலையீட்டுக்குப் பிறகு இரு தரப்புமே 90-ஐ நெருங்கின. கவனியுங்கள், இதில் நோயாளிகளுக்கு வகுப்பு எடுத்ததோ அறிவுரை சொன்னதோ மையமாக இல்லை. மாறியது மருத்துவமனையின் வேலைமுறை.

உங்களிடம் மின்பதிவேடு இல்லாவிட்டாலும் இதைச் செய்யலாம். தினமும் மாலை நான்கு மணிக்கு "இன்று வராதவர்கள்" பட்டியல் ஒரு குறிப்பிட்ட நர்ஸின் மேஜைக்கு வர வேண்டும். மறுநாள் மாலைக்குள் அழைப்பு. இரண்டு தடவை கிடைக்காவிட்டால் மாற்று எண், அப்புறம் உள்ளூர் சுகாதாரப் பணியாளர். "இரண்டு முறை வராவிட்டால் டிஸ்சார்ஜ்" என்ற விதி உங்கள் துறையில் இருந்தால், புற்றுநோயாளிகளுக்கு அதை நிறுத்திவைக்கத் துறைத் தலைவரிடம் எழுத்தில் கேளுங்கள். இதற்குத்தான் அதிக எதிர்ப்பு வரும். நான்காவது படியில் எழுதிவைத்த, நோயாளிகள் சொன்ன வார்த்தைகளை அப்போது எடுத்து வாசியுங்கள். எண்களும் கிராஃபும் செய்யாததை அவை செய்யும்.

மாற்றத்தைத் திட்டமிடும் கூட்டத்தில் நோயாளிகள் இரண்டு பேராவது இருக்கட்டும். அவர்களுக்குப் பயணச்செலவும் அன்றைய கூலியும் கொடுத்துக் கூப்பிடுங்கள். சும்மா வரச் சொன்னால், வர வசதி உள்ளவர்கள் மட்டும்தான் வருவார்கள்.

9. மறுபடி அளப்பது, ஒப்படைப்பது

அனுமதிக்கு ஒன்றிரண்டு மாதம், டேட்டாவுக்கும் ஃபைல்களுக்கும் இரண்டு மூன்று மாதம், மாற்றத்தை ஓட்டிப் பார்க்கக் குறைந்தது ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தில் ஒரு வருடம். அதற்குக் குறைவாக யாராவது வாக்குறுதி கொடுக்கச் சொன்னால் கொடுக்காதீர்கள்.

மறுபடி அளக்கும்போது அதே கேள்வி, அதே வகுக்கும் எண், அதே பிரிவுகள். மொத்தச் சதவீதம் ஏறியதை மட்டும் காட்டாதீர்கள். பின்தங்கியிருந்த பிரிவு எவ்வளவு நகர்ந்தது என்பதைத் தனி வரியாகப் போடுங்கள். இடைவெளி குறையவில்லை என்றாலும் அதே அறிக்கையில் அப்படியே எழுதுங்கள்.

இத்தகைய வேலைகள் பெரும்பாலும் தொடங்கியவர் இடமாற்றம் ஆனதும் நின்றுபோகும். ஆகவே முதல் மாதத்திலேயே ஒரு ஒப்படைப்புத் தாள் எழுதி வையுங்கள்: பட்டியலை யார் எடுக்கிறார், அவர் விடுப்பில் போனால் யார், எக்செல் கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது, திறக்கும் உரிமை யார் யாருக்கு, மொழிபெயர்ப்பாளர் எண் எது, ஆடிட் பதிவு எண் எது, அடுத்து அளக்கவேண்டிய தேதி எது. அந்தத் தேதியைத் துறையின் மாதாந்திரக் கூட்ட நிரலில் இப்போதே ஏற்றிவிடுங்கள்.